கவிழ்த்து வைத்த நாற்பது மங்குகள்

இந்தத் தொடர் தொடங்கி எட்டு வாரம் ஆகிறது. இன்னமும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். தையல் மிஷினில் நேராக ஓடுகிற கை, பேனாவைப் பிடித்தால் கோணிக்கொண்டு போகிறது. படித்தவர்கள் எத்தனையோ பேர் எழுதுகிற பத்திரிகையில் எனக்கு என்ன வேலை என்று வாரா வாரம் நினைத்துக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம் வேறு எதையோ எழுத இருந்தேன். அதற்குள் தெலுக் அன்சனிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். அந்தச் சகோதரி சிறு வயதில் லூமுட் கடற்கரையில் நடந்த மிஷன் முகாமுக்குப் போயிருக்கிறாராம். அங்கே சாப்பாட்டு மேசையின் ஓரமெல்லாம் கம்பி வளையம் அடித்திருக்குமாம். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் கோப்பையின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று வழித்து, உதறி, அந்த வளையத்தில் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் டீச்சர்களுக்கே தெரியாதாம். முகாமில் அப்படித்தான் என்பார்களாம். உங்களுக்குக் காரணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் சங்கடப்படக்கூடியவர்கள் இப்போது யாரும் இல்லை. ஆகவே சொல்கிறேன்.

முதல் நாள் காலை

முகாம் லூமுட்டுக்குப் போவதற்கு முன்னால், ஒரு ரப்பர் தோட்டத்தில் முதன்முதலாக நடந்தபோது, அதன் முதல் நாள் காலை அது. சுண்ணாம்பு மலைகளின் இடுப்பில் பனி சுற்றிக்கொண்டு நிற்கிறது. நீளமான பலகை மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் நாற்பது பெண் பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வெள்ளை மங்கு.

மங்கு என்றால், ரப்பர் மரத்தில் வடிகிற பாலைப் பிடிக்கக் கட்டும் பீங்கான் கோப்பை. நாங்கள் தங்கியிருந்த, மூடிக் கிடந்த அந்தத் தோட்டத்தின் ஸ்டோரில் அவை பெட்டி பெட்டியாக இருந்தன. வைக்கோல்கூடப் பிரிக்காத புதிய மங்குகள். எங்கள் ஈப்போ மிஷன் விடுதியின் தலைவியான வெள்ளைக்காரம்மாவுக்கு அவற்றைப் பார்த்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை. அவரை நாங்கள் மிஸ்ஸி அம்மா என்போம். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். புத்தகம் போலவே பேசுவார்.

"பிள்ளைகளே, நமக்குக் கோப்பைகள் இல்லையே என்று கவலைப்பட்டேன். இதோ, கிடைத்துவிட்டன!" என்றார்.

வெந்நீரில் இரண்டு தடவை கழுவி வைத்தோம். மங்குகள் மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து கிடந்தன. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஞானம்மா டீச்சர் கெண்டியோடு வரிசையாக வந்தார். அவரவர் மங்கைக் கையில் ஏந்தித் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டோம். எல்லாருக்கும் ஊற்றி முடிந்தது.

"ஜெபம் செய்வோம். கரங்களைக் கூப்புங்கள்" என்றார் மிஸ்ஸி அம்மா.

நாற்பது பேரும் மங்கைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினோம்.

மங்குக்கு அடிப்பக்கம் உருண்டை. அது உட்காராது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எங்களுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது, கடகடவென்று. பிறகு மடியில் சூடு.

"தேநீரைக் கவிழ்த்தது யார்?" என்றார் மிஸ்ஸி அம்மா, கண் திறந்து.

என் பக்கத்தில் தைப்பிங்கிலிருந்து வந்த ரோஸ் இருந்தாள். அவள் அப்பாவுக்கு ரயில் ஆபீசில் வேலை; பணம் கட்டி விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. பாவாடையைத் தூக்கி உதறிக்கொண்டே, "எல்லாருந்தான் லா, மிஸ்ஸி அம்மா!" என்றாள்.

அப்போது பின்னால் அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வாயை முழங்கையால் பொத்திக்கொண்டும் அடங்காமல் வெளியே வருகிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்தது.

கோடை எது?

அது யாருடைய சிரிப்பு என்று சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெலுக் அன்சன் சகோதரியும் முகாமின் கதையைக் கேட்டிருக்கிறார்.

மிஸ்ஸி அம்மா அதற்குக் கோடை முகாம் என்று பெயர் வைத்தார். அவர் ஊரில் வருஷத்தில் சில மாதம்தான் வெயிலாம். அப்போது பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போய்த் தங்க வைப்பார்களாம். "நம்ம ஊருல எது கோடை, எது மழைன்னு யாருக்குத் தெரியும்? தினம் வெயிலு, தினம் மழை" என்று ஞானம்மா டீச்சர் முணுமுணுத்தார். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

ஈப்போவிலிருந்து ரயிலில் தஞ்சோங் ரம்புத்தான் போய் இறங்கினோம். டிக்கெட் வாங்கப் போனபோது டிக்கெட் கொடுப்பவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா? நாப்பது பேருமா? ஆஸ்பத்திரியில எடம் இருக்கான்னு கேட்டுட்டீங்களா?" என்றார். அங்கே இருக்கும் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரியைப் பேராக்கில் எல்லாருக்கும் தெரியும். ரோஸ் ரயில் நிற்கிற வரையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் தோட்டம்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. சின்னத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பால் வெட்ட ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. ஜனங்கள் சிலர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். சிலர் விலை ஏறும் என்று பக்கத்துத் தோட்டங்களில் ஒண்டிக்கொண்டார்கள். இந்தத் தோட்டத்தின் துரை, பங்களாவைப் பூட்டிச் சாவியை மிஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்றாராம்.

பால் கொட்டாயில் குளியல்

இருந்ததை வைத்துத்தான் எல்லாம்.

நாங்கள் படுத்தது புகை வீட்டில். ரப்பர் தாள்களைத் தொங்கவிட்டுப் புகை போடும் செங்கல் கட்டடம் அது. சுவரெல்லாம் கரி. சாய்ந்தால் சட்டை கறுத்துவிடும். வெளிச்சத்துக்காகச் சுவரில் நான்கு இடத்தில் ஓட்டை போட்டிருந்தார்கள். மேலே தாள் தொங்கிய மூங்கில்களில் எங்கள் துண்டுகள் தொங்கின. ஒரு வாரம் தூங்கி எழுந்தால் தலைமயிர், தலையணை, வேதப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிடும். எனக்கு மட்டும் அந்த வாசனையில் நல்ல தூக்கம் வந்தது.

குளியல், பால் கொட்டாயில் ரப்பர் பால் உறைய வைக்கும் தொட்டிகளில். நீளத் தொட்டிக்குள் தகடு செருகப் பள்ளம் பள்ளமாக இருக்கும். தகடுகளைச் செருகினால் ஆளுக்கு ஓர் அறை. உட்கார்ந்து குளிக்கலாம். தொட்டி எதற்கு இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குள் விவாதம் நடந்தது. துரையின் குதிரைகளைக் குளிப்பாட்டத்தான் என்று ரோஸ் தீர்ப்புச் சொன்னாள். "குதிர எப்படி இத்தன சின்ன அறையில நிக்கும்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "சின்னக் குதிர" என்றாள்.

துணி பிழிவது தாள் உருட்டும் மிஷினில். இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்ற, ஈரப் பாவாடை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரி வரியாக வெளியே வரும். அந்த வரி எத்தனை தோய்த்தாலும் போகாது. விடுதியில் முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகளைப் பாவாடையை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

காலையில் எழுப்புவது பெரட்டுத் தண்டவாளம். முன்பு ஆட்களை வேலைக்குக் கூட்டிப் பேர் கூப்பிடுவதற்காக இருட்டோடு அடித்த இரும்புத் துண்டு. அது இரண்டு அடி வாங்கும் முன்பே நான் எழுந்து நிற்பேன். "என்னா பிள்ளையடி இது, பேயாட்டம் எந்திரிக்குது" என்பாள் ரோஸ்.

புகை வீட்டின் பின்னால் லயங்கள் இருந்தன. ஜனங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். கூரை விழுந்து கிடந்ததால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

நான் மட்டும் ஒரு தடவை போனேன். நாலாவது கதவு. நான் பிறந்த வீடு அதுதான்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை

அந்த வீட்டில்தான் என் அப்பா காய்ச்சலில் போனார். தோட்டமும் மூடியது. அம்மா காத்தாயி என்னைக் கூட்டிக்கொண்டு நாலு மைல் தள்ளியிருந்த இன்னொரு தோட்டத்துக்குப் போனார். அங்கே ஒரே அறையில் மூன்று குடும்பம். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது.

அங்கே ஜெபக்கூட்டம் நடத்த வரும் உபதேசியார் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"ஈப்போ விடுதியில பிள்ளைய சேத்துக்குவாங்க. நல்லா சோறு, படிப்பு. ஆனா ஒண்ணு. தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைக்குத்தான் பணமில்லாம எடம். நான் அப்படியே எழுதிக்கிறேன். நீ அந்தப் பக்கம் தல காட்டாம இருந்தாப் போதும்."

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தூரத்துல நின்னு பாக்கலாமா?" என்று கேட்டார்.

இப்படித்தான் தோட்டத்துச் செல்லம்மா, விடுதியில் சாராள் ஆனாள். பெற்றோர் இருவரும் ஈப்போவில் காய்ச்சலில் இறந்தார்கள் என்று எழுதப்பட்டது. அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன். தோட்டம் என்ற சொல்லே என் வாயில் வரக் கூடாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டிரண்டு பேராகக் கோயிலுக்கு நடந்து போகும்போது, பாசார்ச் சந்தை மூலையில் ஒரு பெண் கறுப்புக் குடையோடு நிற்பதைப் பார்ப்பேன். வெயிலோ மழையோ, குடை விரிந்தே இருக்கும். முகம் தெரியாது. புடவைக் கரையை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. ரெபேக்கா என்று ஒரு பிள்ளை எங்களோடு இருந்தாள். ஒரு நாள் வாசலில் ஓர் ஆள் வந்து, நான்தான் இவள் அப்பன் என்றான். ஞானம்மா டீச்சர் அன்று சாயந்தரமே தகரப் பெட்டியை எடுத்துவைத்து அவளை அனுப்பிவிட்டார். அந்தக் கட்டிலுக்காக வேறொரு பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மேல் குற்றமில்லை. ஆனால் ரெபேக்கா வண்டியில் ஏறும்போது தன் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

"அது தொங்குற சாமான்"

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

"என்னா சிரிப்பு அங்க?" என்று ஞானம்மா டீச்சர் அதட்டினார்.

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் என் அம்மா. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியிடம் சமையலுக்கும் தண்ணீருக்கும் ஒரு ஆள் கேட்டிருந்தார்கள். அவர் அன்று காலையில் அனுப்பிய ஆள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. மங்கு எங்கயாச்சும் உக்காருமா? அது தொங்குற சாமான்" என்றார்.

"அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மிஸ்ஸி அம்மா கேட்டார்.

"மரத்துல எல்லாம் கம்பி வளையம் சும்மாதான் கெடக்குங்க. பிள்ளைங்கள அனுப்புங்க. கழட்டிக் கொண்டாரட்டும். மேசையில வரிசையா அடிச்சிட்டா, மங்கு எங்கயும் போவாது."

நாங்கள் மரங்களுக்குள் ஓடினோம். ஆளுக்கு ஒரு வளையம் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து நிமிர்த்தி மேசை ஓரத்தில் ஆணி அடித்தார். கொடுக்கிற பிள்ளையிடமெல்லாம் பேர் கேட்டார். என் முறை வந்தது.

அவர் கண் என் மேல் பட்டு உடனே கம்பிக்குப் போயிற்று.

"ஒம் பேரு என்னா, பாப்பா?"

"சாராள்."

அந்தப் பேரை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. உதடு அசைந்தது, சொல்லிப் பார்க்கிற மாதிரி.

"நல்ல பேரு" என்று சொல்லி ஆணியை அடித்தார். "அடுத்த பிள்ள வா."

எனக்காகத்தான் அவர் வந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் கேட்டபோது சொன்னார்: "ஈப்போ மிஷன் பிள்ளைங்கன்னு கங்காணி சொன்னாரு. வாய மூடுறதுக்குள்ள நான் போறேன்னு கையத் தூக்கிட்டேன்."

யாருக்கும் கூடுதல் இல்லை

அன்றும் மறுநாளும் அம்மா என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடும்போது என் தட்டில் ஒரு பருக்கை கூடுதலாக விழாது. நாற்பது தட்டும் ஒன்று போல இருக்கும். ஆனால் எல்லாருக்கும் பொதுவாகப் பேசுவார். "மழையில நனையாதீங்க, சளி புடிக்கிற பிள்ளைங்க இருக்கு" என்பார். சளி பிடிக்கிற பிள்ளை நான்தான். "அட்டை இருக்கும், கால்விரல் இடுக்குல பாத்துக்குங்க" என்பார். கருவாட்டுச் சம்பல் அரைத்த அன்று, "இது எங்க வீட்டுக்காரருக்குப் புடிக்கும்" என்று அம்மியைப் பார்த்துச் சொன்னார். நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு வாரம் இப்படியே போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஆனால் கை இருக்கிறதே, அது நினைப்பைக் கேட்காது.

ஐந்து ஆறு வயதில் நான் அம்மாவோடு மரத்துக்குப் போனவள். அம்மா ஒவ்வொரு மரமாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போவார். பின்னால் வரும் எனக்கு மங்கு துடைக்கிற வேலை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரே சுற்றில் வழிக்க வேண்டும். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதற வேண்டும். மழைத் தண்ணீரும் இலையும் விழாமல் கம்பியில் கவிழ்த்து, ஒரு பக்கம் மரத்தில் சாய்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மங்குகள். கை அதை மறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை. தேத்தண்ணீர் குடித்து முடித்தோம். மேசை ஓரத்தில் வளையங்களில் முப்பத்தொன்பது மங்குகள் வாயை மேலே வைத்து உட்கார்ந்திருந்தன. ஒரு மங்கு மட்டும் கவிழ்ந்து, ஒருச்சாய்த்து இருந்தது. அடுப்படி வாசலில் அம்மா தன் மங்கை அடுப்புக் கல்லின் மேல் அதே மாதிரி கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ரோஸ் இரண்டையும் பார்த்தாள்.

"ஏய், இங்க பாருங்க! இவ மட்டும் தோட்டத்துக்காரங்க மாதிரி மங்கக் கவுக்கிறா! அந்த அக்கா செய்யிற மாதிரியே வழிச்சு ஒதர்றா!"

ரோஸுக்கு என்மேல் கோபம் ஒன்றுமில்லை. அவளுக்கு அது வேடிக்கை. பிள்ளைகள் சிரித்தார்கள். ஞானம்மா டீச்சர் சிரிக்கவில்லை.

"சாராள், நீ ஈப்போ பிள்ளதான? இத எங்க கத்துக்கிட்ட?"

ரெபேக்காவின் தகரப் பெட்டி கண் முன்னால் வந்தது. மிஸ்ஸி அம்மா மேசையின் தலைமாட்டில் கையில் வேதப்புத்தகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து விறுவிறுவென்று வந்தார். என் பக்கம் வரவில்லை. நேராக ரோஸின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நான்தான் அந்தப் பிள்ளைக்கு நேத்து சொல்லிக் குடுத்தேன். ஏன், ஒனக்கும் வேணுமா? இங்க பாரு, நீ வச்சிருக்கிற லட்சணத்த! மங்குக்குள்ள ஈ உக்காந்து ஒன்னயப் பாத்துச் சிரிக்குது. நாளைக்கு வவுத்தால போனா என்னையத்தான ஏசுவாங்க? எனக்குத்தான சூசா, தொல்ல?"

இப்போது பிள்ளைகள் ரோஸைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எல்லாரும் எடுங்க மங்க! எந்திரிங்க! வெரல உள்ள விடு. சுத்து. ஒதறு. கவுத்து. எங்க, இன்னொருக்கா! ஏய் ரோசு, அது மாவு பெசயிற கை, மங்கு தொடைக்கிற கை இல்ல. மணிக்கட்ட வெட்டு!"

நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றோம். வழித்தோம், உதறினோம், கவிழ்த்தோம். மூன்று தடவை, நான்கு தடவை. மிஸ்ஸி அம்மாவும் தன் மங்கை எடுத்துச் செய்து பார்த்தார். அவருக்கு வரவே இல்லை. ரோஸுக்கு ஐந்தாவது தடவையில் என்னைவிட நன்றாக வந்தது. "பாத்தீங்களா அக்கா!" என்று குதித்தாள்.

கடைசியில் மேசையின் இரண்டு ஓரத்திலும் நாற்பது மங்குகள் ஒன்று போலக் கவிழ்ந்து, ஒன்று போலச் சாய்ந்து தொங்கின. அதில் என்னுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தெலுக் அன்சன் சகோதரிக்கு இதுதான் என் பதில்.

பிறகு ரப்பர் விலை ஏறித் தோட்டம் மறுபடி திறந்தது. முகாம் லூமுட்டுக்குப் போனது. மேசைகளைக் கம்பியோடு லாரியில் ஏற்றிப் போனார்கள். மங்கு போய்ச் சாதாரணத் தேத்தண்ணீர்க் கோப்பை வந்தது. வழித்து, உதறிக் கவிழ்ப்பது மட்டும் நின்றுபோகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அந்த மேசைகளை யாரோ விறகாக எரித்துவிட்டதாகக் கேள்வி.

எண்ணெய்

கடைசி நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை. மாட்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. அம்மா ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயோடு புகை வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"தலையெல்லாம் பரட்டையா இருக்கு. இப்படியா ஈப்போவுக்குப் போவீங்க? வரிசையா வாங்க, எண்ண வச்சு விடுறேன்" என்றார்.

ஞானம்மா டீச்சர், "நாப்பது பேருக்குமா காத்தாயி? நேரம் ஆவுதே" என்றார்.

"ஆவட்டும் டீச்சரம்மா. மாடு எங்க போவப் போவுது?"

எனக்குப் புரிந்தது. ஒரு தலையைத் தொடுவதற்காக நாற்பது தலைக்கு எண்ணெய் வைக்கப் போகிறார்.

நான் வரிசையில் ஏழாவதாக நின்றேன். இன்னும் இரண்டு பேர் முன்னால் இருக்கும்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. மிஸ்ஸி அம்மா.

"சாராள், நீ கடைசியில் போய் நில்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது. விடுதிக்குப் போனதும் பெட்டி கட்டச் சொல்வார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் ஒவ்வொரு தலையாகக் குறைந்தது. ரோஸ் எண்ணெய் வழிகிற முகத்தோடு என்னைக் கடந்து போகும்போது, "என்னா தப்புப் பண்ண நீ?" என்று கேட்டாள்.

முப்பத்தொன்பதாவது பிள்ளை எழுந்ததும் மிஸ்ஸி அம்மா கையைத் தட்டினார்.

"வாருங்கள், சாமான்களை வண்டியில் ஏற்றலாம். டீச்சர், நீங்களும் வாருங்கள். எல்லோரும் வரவேண்டும்."

எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவர் புகை வீட்டின் மறுபக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை.

அம்மாவின் கை தலையில் பட்டது. முதலில் எண்ணெய் வைக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் புகையும் வெங்காயமும் கலந்த வாசனை. பிறகு உச்சியில் எண்ணெயை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அது சூடாக இருந்தது. நான் திரும்பவில்லை.

"வவுறு நெறையப் போடுறாங்களா?"

"போடுறாங்க."

"காச்சல் வருதா?"

"இப்ப வாரதில்ல."

"எத்தனாவது படிக்கிற?"

"மூணாவது."

"எழுத்தெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்மா."

அம்மா என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் பயந்து சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு கோழி மட்டும் நின்றது.

அம்மா சீப்பால் இரண்டாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். பின்னலை மெதுவாகப் போட்டார். நுனி வரைக்கும் வந்து, கட்டாமல் அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

"அனுப்பிருவாங்களா?"

"தெரியலம்மா."

அவர் கை நின்றது. பிறகு மறுபடியும் பின்னியது.

செருப்புச் சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்டது. மிஸ்ஸி அம்மா வந்துகொண்டிருந்தார். அம்மா எழுந்து தள்ளி நின்று புடவையைச் சரிசெய்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மிஸ்ஸி அம்மா என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"காத்தாயி அம்மா, அடுத்த ஆண்டும் நீங்கள்தான் வரவேண்டும். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைக்க வேறு யாரும் இல்லை" என்றார்.

அம்மா தலையை ஆட்டினார்.

"வா சாராள், வண்டி புறப்படப்போகிறது" என்று மிஸ்ஸி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடுதியில் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். தெரிந்தும் சொல்லாமலிருப்பது அவருக்கும் எளிதல்ல என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

வண்டி நகர்ந்தது. நாற்பது பேரும் அம்மாவுக்குக் கையாட்டினோம். நாற்பது பேரும் ஆட்டியதால் நானும் ஆட்டலாம்.

மறுநாள் திங்கட்கிழமை. என்னை யாரும் பெட்டி கட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதால் விடுதியில் எல்லாருக்கும் சீயக்காய் கொடுத்துத் தலை முழுகச் சொன்னார்கள். அம்மா வைத்த எண்ணெய் போக நானும் முழுகினேன்.